பேனா கொடுத்தவர் யார்? மை கொடுத்தவர் யார்?

1879 ஆம் ஆண்டு மணிலா நகரில் ஒரு கவிதைப் போட்டி நடந்தது. நடத்தியது, ஸ்பானியத் துரைத்தனத்தின் நிழலில் இயங்கிய கலை இலக்கியக் கழகம். கலந்துகொள்ளும் உரிமை பிலிப்பைன்ஸ் மண்ணின் மக்களுக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே. ஸ்பானியர்கள் எழுதமாட்டார்கள்; அவர்கள் தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் அமர்ந்திருப்பார்கள்! தாங்கள் கற்றுக் கொடுத்த மொழியில், தங்களுக்கு அடங்கிக் கிடப்பவன் எவ்வளவு அழகாக எழுதுகிறான் என்று பார்ப்பதிலே அவர்களுக்கு ஒரு பெருமிதம்.

முதற்பரிசு பெற்றவன் 18 வயது மருத்துவ மாணவன். பெயர் ஹோசே ரிசால். கவிதையின் தலைப்பு, 'பிலிப்பைன்ஸ் இளைஞருக்கு'. கையிலே கொடுத்த பரிசு, வெள்ளியில் செய்த ஓர் இறகுப் பேனா.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1896 டிசம்பர் 30. அதே மணிலா, அதே துரைத்தனம், அதே ரிசால். இம்முறை அவனுக்குக் கிடைத்தது பேனா அல்ல; துப்பாக்கிக் குண்டு. என்ன குற்றம் செய்தான்? கொள்ளையடித்தானா? கொலை செய்தானா? இல்லை. எழுதினான்! கலகத்தைத் தூண்டினான் என்று இராணுவ நீதிமன்றம் பட்டியல் போட்டுக் காட்டிய குற்றங்களுக்கெல்லாம் வேர், அவன் எழுத்துத்தான்.

எழுதுகோலைப் பரிசாகக் கொடுத்தவர்களே, எழுதியதற்காக உயிரைப் பறித்தார்கள் என்றால், இடையிலே நடந்தது என்ன? 18 வயதிலே பரிசுக்குரியவனாக இருந்தவன், 35 வயதிலே பலிக்குரியவனாக ஆனது எப்படி? பேனா ஸ்பானியர் கொடுத்தது, சந்தேகமில்லை. ஆனால் அதிலே ஊற்றிய மை எங்கிருந்து வந்தது? இதைத்தான் இன்று நாம் தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

நிலமும் அவர்களது, கல்லூரியும் அவர்களது

மணிலாவுக்குத் தெற்கே, லகூனா மாகாணத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஊர் கலம்பா. அங்கே 1861 ஜூன் 19 ஆம் நாள் ரிசால் பிறந்தான். பதினொரு பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. தகப்பனார் பிரான்சிஸ்கோ மெர்காதோ. தாயார் தியோடோரா அலோன்சோ.

வறுமையில் பிறந்தவன் என்று சொல்லி உருக்கம் ஏற்ற நாம் விரும்பவில்லை. வசதியான குடும்பம்தான். கல்வீடு இருந்தது, வீட்டிலே நூலகம் இருந்தது, கரும்பும் நெல்லும் விளைந்தன. ஆனால் ஒன்று இல்லை. நிலம் அவர்களுடையது இல்லை! ஊர் முழுவதும் டொமினிக்கன் சபைக் குருமார்களின் பண்ணை. அதிலே ஒரு பெரும் பகுதியைக் குத்தகைக்கு எடுத்து உழுவித்த குடும்பம் ரிசாலின் குடும்பம். விளைந்தாலும் குத்தகை, விளையாவிட்டாலும் குத்தகை. குத்தகையை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்பவர்களும் அந்தக் குருமார்களே.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பாருங்கள், தோழர்களே! மணிலாவில் 1611 இல் நிறுவப்பட்ட சாந்தோ தோமாஸ் பல்கலைக் கழகம் யாருடையது? அதே டொமினிக்கன் சபையுடையது. பின்னாளில் ரிசால் மருத்துவம் படிக்கச் சென்றது அங்கேதான். ஊரிலே எவருக்குக் குத்தகை அளந்தார்களோ, நகரத்திலே அவர்களிடமே சென்று பாடம் கேட்க வேண்டும். வயிற்றுக்கும் அவர்களே எசமானர். வாய்க்கும் அவர்களே வாத்தியார்! இப்படி ஒரு பிடி இருந்தது அந்த நாட்டின்மீது.

முதலாசிரியர் தாயார்தான். படித்த பெண்மணி. மகனுக்கு ஒரு நாள் இரவு விளக்கடியில் கதை படித்துச் சொன்னார். விளக்கைச் சுற்றாதே என்று தாய்ப்பூச்சி எச்சரித்தும் கேளாமல், சுடரிலே விழுந்து கருகிய குஞ்சுப்பூச்சியின் கதை. அடங்கி நட, இல்லையேல் அழிவாய் என்பது அந்தக் கதையின் பாடம். ஆனால் சிறுவனின் கண் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்காக விழுந்த பூச்சிமீது தனக்கு இரக்கத்தைவிட மதிப்பே பிறந்தது என்று பின்னாளில் அவனே எழுதி வைத்தான்.

தாய் நடந்த வழி

பையனுக்குப் பதினொரு வயது நிறையுமுன் அந்தத் தாயைக் கைது செய்தார்கள். தம் சகோதரன் மனைவிக்கு நஞ்சிட முயன்ற சதியில் அவருக்கும் பங்குண்டு என்று பழி சுமத்தினார்கள். உள்ளூர்க் காவற்படை அதிகாரிக்கு அந்தக் குடும்பத்தின்மீது ஏற்கெனவே கோபம். தன் குதிரைக்குக் கேட்ட தீவனத்தை ரிசாலின் தகப்பனார் கொடுக்கவில்லை என்பதே காரணம் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒரு கட்டுப் புல்லுக்காக ஒரு தாயின் மானம்!

வண்டியிலோ படகிலோ அவரை அழைத்துச் செல்லவில்லை. கலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகரான சாந்தா குரூஸ் வரை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர், காவலர் சூழ நடத்தியே கொண்டு சென்றார்கள். இரண்டரை ஆண்டு சிறை. முடிவில் மணிலா உயர்நீதி மன்றம், குற்றமில்லை என்று விடுதலை செய்தது. இழந்த இரண்டரை ஆண்டுகளை எந்த மன்றம் திருப்பித் தரும்?

ஏறக்குறைய அதே காலத்திலே இன்னொரு இடி. 1872 பிப்ரவரி 17 ஆம் நாள், மணிலாவின் பாகும்பாயன் வெளியில் கோமஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களைக் கொன்றது துரைத்தனம். கழுத்தில் இரும்பு வளையம் மாட்டித் திருகி இறுக்கிக் கொல்லும் தண்டனை. காவித்தே ஆயுதக் கிடங்கில் நடந்த சிப்பாய்க் கலகத்துக்கு அவர்களே தூண்டுகோல் என்று குற்றச்சாட்டு. அவர்கள் செய்த உண்மையான குற்றம், அந்த மண்ணிலே பிறந்த குருமாருக்கும் ஸ்பானியக் குருமாருக்கும் சமநீதி வேண்டும் என்று கேட்டதுதான்.

அந்த மூவரில் புர்கோஸின் வீட்டிலே தங்கி, அவரையே ஆசானாகக் கொண்டு படித்தவர் ரிசாலின் அண்ணன் பாசியானோ. வயதில் பத்து ஆண்டு மூத்தவர். புர்கோஸின் மாணவன் என்ற முத்திரை விழுந்த பிறகு அவருக்குக் கல்லூரி இல்லை. படிப்பை விட்டார், ஊருக்குத் திரும்பினார், கரும்புத் தோட்டத்தில் இறங்கினார். தனக்கு மூடப்பட்ட கதவைத் தம்பிக்குத் திறந்து வைப்பது என்று முடிவு செய்தார்.

1872 ஜூனில் மணிலாவிலிருந்த அத்தெனேயோ பள்ளியிலே தம்பி சேர்ந்தபோது, மெர்காதோ என்ற பெயரைச் சொல்லவில்லை. அது சந்தேகப் பெயராகிவிட்டதல்லவா? 'ரிசால்' என்ற பெயரோடு நுழைந்தான். இன்று நாடே சொல்லிப் பெருமைப்படும் அந்தப் பெயர், அண்ணன்மீது விழுந்த பழியிலிருந்து தப்புவதற்காக அணிந்துகொண்ட பெயர்!

எட்டு வயதுக் கவிதை தேவையில்லை

இந்த இடத்திலே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எட்டு வயதிலேயே தாய்மொழியாம் தகாலோகில், மொழிப்பற்றைப் பாடும் கவிதை ஒன்றை ரிசால் எழுதினான் என்று பல காலம் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. ஆராய்ச்சியாளர்கள் இன்று அதை ஐயுறுகிறார்கள். அவன் கையெழுத்தில் அந்தக் கவிதை கிடைக்கவில்லை. அது அச்சிலே வந்ததே 1906 இல்தான்; அவன் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு.

அதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. சுதந்திரம் என்பதற்கான 'கலயாஆன்' என்ற சொல் அந்தக் கவிதையிலே இருக்கிறது. ஆனால் ரிசால் அந்தச் சொல்லை அறிந்தது எப்போது? 1886 இல் ஜெர்மனியில் இருந்தபோது, ஷில்லர் எழுதிய வில்லியம் டெல் நாடகத்தைத் தகாலோகில் பெயர்த்துக் கொண்டிருந்தான். கொடுங்கோலனை எதிர்த்த சுவிஸ் வீரனின் கதை. சுதந்திரம் என்ற சொல் வருகிறது. தன் தாய்மொழியிலே அதற்குச் சொல் கிடைக்காமல் திண்டாடினேன் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினான். எங்கே கண்டெடுத்தேன் என்றும் அதிலேயே சொன்னான். தானே ஸ்பானிஷில் எழுதிய ஒரு கட்டுரையை, மார்செலோ தெல் பிலார் என்ற தோழர் தகாலோகில் பெயர்த்திருந்தார். அந்தப் பெயர்ப்பிலேதான் கண்டெடுத்தான்!

25 வயதிலே தேடிப் பிடித்த சொல்லை எட்டு வயதிலே பாடியிருக்க முடியுமா?

இதனால் ரிசாலின் புகழ் குறைகிறதா? குறையவில்லை, கூடுகிறது என்போம் நாம். பிறக்கும்போதே மேதை, தொட்டிலிலேயே தலைவன் என்றால், நமக்கு அவனிடம் கற்க என்ன இருக்கிறது? கும்பிட்டுவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். தன் மொழியின் விடுதலைச் சொல்லை இன்னொரு தோழரின் எழுத்திலிருந்து கற்றுக்கொண்டான் என்பதிலே அல்லவா நமக்குப் பாடம் இருக்கிறது!

பரிசு பெற்ற பிள்ளை

அத்தெனேயோ ஏசு சபையார் நடத்திய பள்ளி. வகுப்பை ரோமப் பேரரசு, கார்த்தேஜ் பேரரசு என்று இரண்டாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். பின்தங்கிச் சேர்ந்த சிறுவன், நலிந்த உடல், ஸ்பானிஷ் சரளமாக வராது. கடைசி இருக்கையிலே அமர்ந்தான். ஒரே மாதத்தில் தன் அணிக்குப் 'பேரரசன்' ஆனான். ஐந்தாண்டு படித்து, 1877 மார்ச்சில் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றான்.

அந்தக் காலத்துக் கவிதைகளைப் பார்த்தால் நல்ல பிள்ளையின் நல்ல எழுத்து. கல்வியின் பெருமை, சமயத்தின் பெருமை, பிறந்த ஊரின் நினைவு, கொலம்பஸ், மெகல்லன். ஆசிரியர்கள் மெச்சும் பொருள்கள். எவரையும் சுடாத எழுத்து.

1879 கவிதையில்தான் ஒரு மாற்றம் தெரிந்தது. மேலுக்கு அது கலையையும் அறிவையும் போற்றும் கவிதை. ஆனால் பிலிப்பைன்ஸ் இளைஞனை அழைத்து, இந்த நாட்டின் நம்பிக்கை நீயே என்ற கருத்தைச் சொன்னான். எது நாடு? அதுவரை நாடு என்றால் ஸ்பெயின். தீவுகள் அதன் உடைமை. இவனோ தீவுகளையே தாய்நாடு என்றான். பரிசு கொடுத்தவர்கள் எதுகை அழகைப் பார்த்தார்கள். அந்தச் சொல்லின் எடையைப் பார்க்கவில்லை போலும்.

மறு ஆண்டு அந்தக் கழகமே, ஸ்பெயினின் பேரிலக்கிய ஆசிரியர் செர்வாந்திஸின் நினைவுக்கு ஒரு போட்டி வைத்தது. இம்முறை ஸ்பானியர்களும் எழுதலாம். ஹோமரா, வெர்ஜிலா, செர்வாந்திஸா, எவர் பெரியவர் என்று தேவர்கள் கூடி விவாதிக்கும் உரைநடைக் கற்பனை ஒன்றை ரிசால் எழுதினான். ஸ்பானியர்களைத் தோற்கடித்து முதற்பரிசு வாங்கினான். செர்வாந்திஸ் உருவம் பொறித்த தங்க மோதிரம் கிடைத்தது. மோதிரம் கிடைத்தது, மதிப்புக் கிடைத்ததா? வென்றவன் ஒரு 'இந்தியோ' என்று தெரிந்ததும் கைத்தட்டல் தேய்ந்தது என்று அவன் வரலாற்றை எழுதியோர் சொல்கிறார்கள். அந்த மண்ணின் மக்களைக் குறித்து ஸ்பானியர் வழங்கிய சொல் இந்தியோ. பெயராகத் தொடங்கி வசையாக முடிந்த சொல்.

மோதிரம் அணிந்த விரல் இந்தியோவின் விரலாகவே இருந்தது. இதை அவனுக்கு முதுகிலே எழுதிக் காட்டியவர்களும் உண்டு. மணிலாவில் மாணவனாக இருந்த நாளில், விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ஓர் இருண்ட இரவு. தெருவிலே யாரோ ஓர் உருவம். காவற்படை அதிகாரி என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி வணங்கவில்லை. வாளை உருவி முதுகிலே வெட்டினான் அதிகாரி. காயம் ஆற இரண்டு வாரமாயிற்று. கவர்னர் ஜெனரலுக்கு முறையிட்டான். நீதி கிடைக்கவில்லை. வலக்கைக்குப் பேனா, முதுகுக்கு வாள். அந்த ஆட்சி கொடுத்த இரண்டும் ஒரே உடம்பிலே இருந்தன!

சாந்தோ தோமாஸில் நிலைமை வேறுவிதம். மருத்துவம் படித்தான், அத்தெனேயோ ஆசிரியர்கள் போற்றிய அந்த மாணவனுக்கு இங்கே சாதாரண மதிப்பெண்களே. அந்தப் பல்கலைக் கழக வாழ்வு எப்படிப்பட்டது என்பதை, 1891 இல் அச்சான தன் இரண்டாவது நாவலிலே ஒரு காட்சியாக வைத்தான். பௌதிக வகுப்பு. கருவிகள் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. விருந்தினர் வந்தால் காட்டுவதற்கு! மாணவர்கள் தொட்டதில்லை. பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். கேள்வி கேட்டால் ஏளனம். மானமுள்ள மாணவன் ஒருவன் எழுந்து எதிர்த்துப் பேசிவிட்டு வகுப்பை விட்டு வெளியேறுகிறான். அறிவைப் பூட்டி வைத்துவிட்டு, இவர்களுக்கு அறிவில்லை என்று சொல்லும் சூழ்ச்சியை ஒரே காட்சியில் உரித்துக் காட்டினான்.

கரும்புக் காசில் கடல் கடந்தான்

1882 மே 3 ஆம் நாள் ரிசால் கப்பலேறினான். தாய் தந்தையருக்குக்கூடச் சொல்லவில்லை. ஏற்பாடு செய்தவர் பாசியானோ. அக்காள் ஒருவர் தம் வைர மோதிரத்தைக் கொடுத்தார். சிங்கப்பூர், காலி, கொழும்பு, ஏடன், சூயஸ் என்று சென்று, மார்செய்யில் இறங்கி, ஜூனில் ஸ்பெயினின் பார்சலோனாவை அடைந்தான். வழியிலே கண்ட கொழும்பு நகரம் சிங்கப்பூரையும் மணிலாவையும்விட அழகு என்று நாட்குறிப்பில் குறித்தான்.

போன மகனை எண்ணித் தந்தை கலங்கினார் என்று அண்ணன் கடிதம் எழுதினார். அதே கடிதத்தில், மருத்துவப் பட்டம் ஒன்றுக்காக மட்டும் நீ போகவில்லை, அதைவிடப் பயனுள்ள காரியத்துக்காகப் போயிருக்கிறாய் என்ற கருத்தையும் நினைவூட்டினார். படிப்பிழந்த அண்ணன், படிக்கப் போன தம்பிக்கு வைத்த கட்டளை அது.

பார்சலோனாவில் ரிசால் எழுதிய முதற்கட்டுரை 'தாய்நாட்டுப் பற்று'. 1882 ஆகஸ்டு 20 ஆம் நாள், மணிலாவில் புதிதாகத் தொடங்கிய 'தியாரியோங் தகாலோக்' என்ற இருமொழிப் பத்திரிகையில் வெளியாயிற்று. புனைபெயர் லாவோங் லாவான். பிறந்த மண்ணின்மீது கொள்ளும் அன்பு எந்த மனிதனுக்கும் உரியது, இயல்பானது, எந்த வல்லரசும் கொடுத்ததல்ல என்பதே அதன் கரு. நாம் முன்னே சொன்னோமே, தெல் பிலார் தகாலோகில் பெயர்த்த கட்டுரை, அதுதான் இது. சுதந்திரம் என்ற சொல்லை ரிசாலுக்கே திருப்பிக் கொடுத்த கட்டுரை. பத்திரிகை பணமில்லாமல் சில மாதங்களிலேயே நின்றது. ஆனால் அந்தச் சொல் நிற்கவில்லை. 1896 இல் கத்திபூனான் என்ற இரகசியப் புரட்சிச் சங்கம் தன் பத்திரிகைக்குச் சூட்டிய பெயர் எது தெரியுமா? 'கலயாஆன்'!

இந்தக் கட்டுரைக்கு வெள்ளிப் பேனா இல்லை. தங்க மோதிரம் இல்லை. எந்த நடுவர்களும் அமரவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் தன் நாட்டு மக்கள் என்று எழுத்தாளன் முடிவு செய்துவிட்டான்.

பட்டினியோடு ஒரு பேச்சு

மாட்ரிட் பல்கலைக் கழகத்தில் மருத்துவமும் தத்துவ இலக்கியமும் ஒருங்கே படித்தான். அண்ணன் மாதம் 50 பெசோ அனுப்பி வந்தார். கலம்பாவில் விளைச்சல் பொய்த்தது, வெட்டுக்கிளி விழுந்தது, குருமார் குத்தகையை ஏற்றினார்கள். 50 என்பது 35 ஆயிற்று. அதுவும் சில மாதம் தாமதம். கரும்பு விற்றால்தான் தம்பிக்குப் புத்தகம். கரும்பு கருகினால் தம்பிக்குப் பட்டினி.

1884 ஜூன் 25 ஆம் நாளைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். அன்று காலை கையிலே காசில்லை. உணவில்லை. வெறும் வயிற்றோடு கிரேக்க மொழிப் போட்டித் தேர்வுக்குச் சென்றான், முதற்பரிசு வாங்கினான். அன்று மாலையே ஒரு விருந்து. பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் இருவர், லூனாவும் ஹிதால்கோவும், மாட்ரிட் ஓவியக் கண்காட்சியில் பதக்கம் வென்றிருந்தார்கள். லூனாவின் தங்கப் பதக்க ஓவியம் எதைக் காட்டியது? ரோமாபுரியில் வேடிக்கைக்காக மோதவிட்டுக் கொல்லப்பட்ட அடிமை வீரர்களின் உடலை இழுத்துச் செல்லும் காட்சியை!

ஸ்பானிய அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் கூடியிருந்த அந்த விருந்திலே, பகலெல்லாம் பட்டினி கிடந்த 23 வயது மாணவன் எழுந்து பேசினான். திறமை எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்தல்ல என்றான். அந்த ஓவியத்திலே தன் மக்களின் துயரம் தெரிகிறது என்று குறிப்பால் உணர்த்தினான். நெஞ்சிலே நஞ்சு கொண்டு நாட்டைக் கெடுக்கும் குருமார்களையும் தொட்டான். சபை கைத்தட்டியது. செய்தி மணிலாவுக்குப் போயிற்று. அன்று முதல் துரைத்தனத்தின் கணக்கிலே ரிசால் பரிசு பெறும் பிள்ளை அல்ல. பார்த்துக்கொள்ள வேண்டிய பகைவன்.

தாய் நடந்த வழியில் நாவலும் நடந்தது

அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மாட்ரிடிலிருந்த பிலிப்பைன்ஸ் இளைஞர்களைக் கூட்டி, நம் நாட்டின் வாழ்வை எல்லாரும் சேர்ந்து ஒரு நாவலாக எழுதுவோம் என்று யோசனை சொன்னான். எல்லாரும் ஒப்பினார்கள், ஒருவரும் எழுதவில்லை! கூட்டத்திலே கைதூக்குவோர் பலர், கூட்டம் கலைந்தபின் காரியம் பார்ப்போர் சிலர் என்பது எந்த நாட்டுக்கும் பொதுதான் போலும். ரிசால் தனியாகவே தொடங்கினான். மாட்ரிடில் பாதி, பாரிசில் கொஞ்சம், ஜெர்மனியில் மிச்சம். பகலிலே கண் மருத்துவப் பயிற்சி. ஏன் கண் மருத்துவம்? தாயாரின் பார்வை மங்கிக்கொண்டிருந்தது.

'நோலி மே தாங்கெரே' என்பது நாவலின் பெயர். 'என்னைத் தொடாதே' என்று பொருள். அதிலே சீசா என்ற ஏழைத்தாய் வருகிறாள். கோவிலில் பணிசெய்யும் அவள் சிறுவர்கள்மீது திருட்டுப் பழி. பிள்ளைகளைத் தேடி வந்த காவலர்கள் தாயைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க நடத்திச் செல்கிறார்கள். அவமானத்திலும் துயரத்திலும் அவளுக்குச் சித்தம் கலங்குகிறது. தோழர்களே, காவலர் சூழ நடக்கும் அந்தத் தாயை நாம் முன்னமே சந்தித்திருக்கிறோம் அல்லவா? கலம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் வரை நடந்த கால்களல்லவா அவை!

1886 குளிர்காலம். பெர்லினில் கையெழுத்துப் பிரதி தயார், அச்சுக்குப் பணமில்லை. ஒருவேளை உணவு, ஓயாத இருமல். செலவைக் குறைக்க ஓர் அத்தியாயத்தையே வெட்டி எடுத்தான். மாக்சிமோ வியோலா என்ற தோழன் வந்து 300 பெசோ கடன் கொடுத்தான். 1887 மார்ச்சில் 2,000 பிரதிகள் வெளிவந்தன. மணிலாவிலே முதலில் சீறியது எது? அவன் படித்த அதே சாந்தோ தோமாஸ் பல்கலைக் கழகம்! அதன் ஆசிரியர் குழு நூலைச் சமயத்துக்குப் பகை, நாட்டுக்குக் கேடு என்று தீர்ப்பளித்தது. தணிக்கைக் குழு தடை போடச் சொன்னது. கலம்பாக் குத்தகைக்காரர்கள் பண்ணை வரவுசெலவைக் கேட்கத் துணிந்தபோது, சில ஆண்டுகளில் ரிசாலின் குடும்பம் உட்படப் பலரை வீட்டை விட்டும் நிலத்தை விட்டும் விரட்டியடித்தார்கள்.

மை கொடுத்தவர்கள்

1896 டிசம்பர் 30 காலை, மூன்று பாதிரியார்கள் மாண்ட அதே பாகும்பாயன் வெளியில் ரிசாலை நிறுத்தினார்கள். சுடுவதற்கு நிறுத்திய சிப்பாய்களும் அந்நாட்டு மக்களே. அவர்கள் தயங்கினால் அவர்களைச் சுட, பின்வரிசையில் ஸ்பானியச் சிப்பாய்கள்! ஆதிக்கம் எப்படி நிற்கிறது என்பதைக் காட்ட இதைவிட வேறு படம் வேண்டுமோ?

அந்த நாட்களில் பாசியானோவையும் பிடித்து, தம்பிக்கு எதிராக வாக்குமூலம் கொடு என்று வதைத்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. தம்பி மாண்டபின் புரட்சிப் படையிலே சேர்ந்து தளபதியானார். 1930 வரை வாழ்ந்தார். சதுக்கங்களிலே தம்பிக்குச் சிலைகள் எழுவதை அமைதியாகப் பார்த்திருந்தார்.

1956 இல் சுதந்திர பிலிப்பைன்ஸ் ஒரு சட்டம் செய்தது: எல்லாப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ரிசாலின் வாழ்வையும் நாவல்களையும் கற்பிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தும், செனட்டர் ரெக்டோ போன்றோர் வாதாடிச் சட்டமாயிற்று. அன்று தடைசெய்த நூல் பாடநூல் ஆயிற்று, சாந்தோ தோமாஸிலும்தான்!

ஆகவே, பேனா எவர் கொடுத்தார் என்பதை நாம் பெரிதாக்க வேண்டியதில்லை. ஆள்வோர் கொடுத்த பள்ளி, ஆள்வோர் கொடுத்த மொழி, ஆள்வோர் கொடுத்த பரிசு, எல்லாம் உண்மை. இவற்றைப் பெற்றவர்கள் அன்று மணிலாவிலே பலர் இருந்தார்கள். பரிசை மாடத்திலே வைத்துவிட்டுப் பதவி தேடிப் போனவர்களை வரலாறு மறந்துவிட்டது. ரிசால் நிலைத்தது, அவன் மையை வேறிடத்திலிருந்து எடுத்ததால். தாயின் நடை, அண்ணன் விட்ட படிப்பு, கலம்பாக் கரும்பு, தோழன் கண்டெடுத்த சொல், தோழன் கொடுத்த கடன். அதுதான் அவன் மை.

உழைத்துச் சேர்த்த கூலியில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தோழர்களே! மாதம் பிறந்ததும் பணம் அனுப்பும்போது பாசியானோவை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தோடு அவர் ஒரு கடிதமும் அனுப்பினார். பட்டத்துக்காக மட்டும் உன்னை அனுப்பவில்லை என்று நினைவூட்டினார். அந்த ஒரு வரியை உங்கள் பிள்ளைக்கும் எழுதுங்கள். பரிசு வாங்கட்டும், பட்டம் வாங்கட்டும், மேடை ஏறட்டும். ஆனால் எழுத உட்காரும்போது, மை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவன் மறக்கக் கூடாது.